வாசலில் கொட்டிய ஜல்லி

அத்தியாயம் 14

வண்டி குலுங்கவில்லை. மார்வாவுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. முந்தின நாள் முழுக்க கவுண்டியின் வடக்குக் கோடியில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டுவிட்டு, அங்கேயே பெரியம்மா மகள் வீட்டில் படுத்து எழுந்து, இப்போதுதான் திரும்பி வருகிறாள். நாற்பத்தொன்றாம் நம்பர் ரோட்டிலிருந்து தன் வீட்டுப் பாதையில் திரும்பினாள். வழக்கமாக அந்த இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள். முதல் பள்ளம், இரண்டாவது பள்ளம், அப்புறம் அந்தப் பெரிய சேற்றுக்குழி. இன்றைக்கு ஒன்றையும் காணோம். டயருக்கு அடியில் மொறுமொறுவென்று சத்தம் மட்டும் வந்தது.

பிரேக் போட்டு இறங்கினாள். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் புத்தம்புது வெள்ளை ஜல்லி.

"அடப்பாவிகளா!" என்றாள். 

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மார்வா டீக், ஐம்பத்திரண்டு வயது. எங்கள் டல்லி கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பத்தொன்பது வருஷம் கிரேடர் வண்டி ஓட்டி ரோடு சமன் செய்தவள். இப்போது கவுண்டி நீதிபதி பதவிக்கு நிற்கிறாள். பேருக்குத்தான் நீதிபதி. அமெரிக்காவில் எங்கள் ஆர்கன்சா மாநிலத்தில் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கையில் இருப்பது ரோடும் பாலமும் ஜல்லியும் டிப்பர் லாரியும். ரோடு கையில் இருந்தால் ஓட்டும் கையில். நான்கு தேர்தலாக அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ராய்ஸ் பர்டமுக்கு இது நன்றாகவே தெரியும். வேண்டியவர்கள் வீட்டுப் பாதைக்கெல்லாம் சத்தமில்லாமல் ஒரு லோடு கவுண்டி ஜல்லி போய்விடும். சட்டப்படி குற்றம். கிடைத்தவன் வாயைத் திறப்பானா?

சொன்ன வீட்டுக்கெல்லாம் வருஷக்கணக்கில் பரப்பிய மார்வாவை ஒருநாள் அப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்பியபோது, கிரேடரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுபோய் அவர் மேசை மேல் எறிந்துவிட்டு வந்தவள் அவள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு: ஊர் ஜல்லி ஊர் ரோட்டுக்கு. முதல் சுற்றில் மூன்று பேரில் இரண்டாவதாக வந்தாள். யாருக்கும் பாதி ஓட்டு வரவில்லை, அதனால் வரும் செவ்வாய்க்கிழமை பர்டமும் அவளும் நேருக்கு நேர். எனக்கு மார்வாவைப் பிடிக்கும். அதை ஒளிக்க நான் மெனக்கெடப் போவதில்லை.

அந்த மார்வாவின் வாசலில்தான் இப்போது கவுண்டி ஜல்லி கிடக்கிறது.

குனிந்து பார்த்தாள். இருபதடிக்கு ஒரு மேடு. டிப்பரின் பின்கதவுச் சங்கிலியை இறுக்கிக் கட்டிவிட்டு, கிளட்சை விட்டு விட்டு ஓட்டினால்தான் இப்படி விழும். கவுண்டியில் அப்படி ஓட்டுகிறவன் ஒருத்தன்தான். பதினொரு வருஷமாக அவள் திட்டியும் திருந்தாதவன். அவள் கொழுந்தன், கவுண்டி டிப்பர் டிரைவர் டெல்பர்ட்.

வீட்டுப் படியில் அவள் புருஷன் ஹாலிஸ் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்ப?" என்றாள்.

"நேத்து மத்தியானம்."

"நீ வீட்டுல இருந்தியா?"

"இருந்தேன்."

"இருந்து என்ன பண்ணினே?"

"அவனுக்குக் காபி போட்டுக் குடுத்தேன்."

மார்வா தொப்பியைக் கழற்றி வண்டியின் மேல் அடித்தாள். "ஹாலிஸ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மூணு மாசமா ஊரெல்லாம் நான் எதைப் பேசிட்டு வர்றேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். அதே மாதிரி வியாழக்கிழமை என்ன ஆச்சுன்னும் தெரியும்." ஹாலிஸ் எழுந்தான். சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவன் உயர்த்தினான். "எங்கப்பா அந்த ஆஸ்பத்திரி வேனுக்குள்ள நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தாரு. சக்கரம் சுத்துது, வண்டி நகரல. அவர் உதடெல்லாம் நீலம் பாய்ஞ்சு கிடந்துச்சு. நீ ஓட்டுக் கேக்கப் போயிருந்தே. நான்தான் பாத்தேன். என் தம்பி ரெண்டு லோடு ஜல்லி கொண்டாந்தா வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு வரல, போதுமா?"

  மாமனார் ஆர்வலுக்கு எண்பத்தொரு வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைக்கிறவள் அவள்தான்.

எட்டு மணிக்கு வேன் வந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் வழக்கமாகச் சாபம் விட்டுக்கொண்டு வரும் டிரைவர் பெண் இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாள்.

"சும்மா வழுக்கிட்டு வந்தேன் மார்வா! இப்படி இருந்தா தினமும் வருவேன்."

சக்கர நாற்காலியில் வந்த ஆர்வல் கிழவர் பாதையை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இன்னும் ஜெயிக்கவே இல்ல, அதுக்குள்ள ரோடு வந்துருச்சு? ஜெயிச்சா வாசல்ல பாலம் கட்டுவியோ?"

"வாய மூடிட்டு ஏறுங்க மாமா," என்றாள் மார்வா.

வேன் போன கையோடு அவள் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அவள் வீட்டுக் கேட். உள்ளே கவுண்டி டிப்பர், தொட்டி தூக்கி நிற்கிறது. ஜல்லி கொட்டுகிறது. ஓட்டுகிறவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்க்கிறான். டெல்பர்ட்டின் முகம், மூக்கில் இருக்கும் மச்சம்வரை தெளிவாக இருந்தது.

அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"குட்மார்னிங் மார்வா," என்றார் ராய்ஸ் பர்டம். அந்தக் குரலில் எப்போதும் தேன் வழியும். "வாசலெல்லாம் பளிச்சுன்னு இருக்குமே?"

"என்ன வேணும் ஜட்ஜ்?"

"எனக்கென்ன வேணும்? எனக்கு வருத்தமா இருக்கு. கவுண்டி லாரி, கவுண்டி ஜல்லி, கவுண்டி சம்பள நேரம். உன் கொழுந்தன் நல்ல பையன். ரெண்டு சின்னக் குழந்தைங்க வேற. ஷெரீஃப் கிட்ட இந்தப் படத்தைக் குடுக்கணுமேன்னு நெனைச்சாலே கை நடுங்குது."

"நடுங்கும் நடுங்கும்."

"இன்னிக்குச் சாயங்காலம் தீயணைப்புக் கொட்டகையில மீன் விருந்து இருக்கில்ல? மைக் உன் கைக்கு வரும். மாமனாருக்கு உடம்பு சரியில்ல, குடும்பத்தைப் பாத்துக்கணும், அதனால ஒதுங்கிக்கறேன்னு நாலு வார்த்தை சொல்லு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. இந்தப் படமும் என் போன்லயே கெடந்து மக்கிப் போயிரும்."

மார்வா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"மைக் கிடைச்சா பேசுவேன் ஜட்ஜ். என்ன பேசுவேன்னு மீன் சாப்பிட வரும்போது கேட்டுக்குங்க," என்று சொல்லி வைத்தாள்.

 படியில் உட்கார்ந்தாள். ஒதுங்கினால் பர்டமுக்கு ஐந்தாவது தடவையும் அதே நாற்காலி. ஒதுங்காவிட்டால் டெல்பர்ட்டுக்கு வேலை போகும், ஜெயிலும் இருக்கும். நடுவில் வேறு வழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தீயணைப்புக் கொட்டகையின் பின்பக்கம் டெல்பர்ட் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். ஊரில் நெருப்புப் பிடித்தால் ஓடுகிற தொண்டர்களில் அவனும் ஒருத்தன். வருஷா வருஷம் விருந்துக்கு மீன் வறுப்பது அவன் பொறுப்பு. தொட்டி நிறையக் கெளுத்தி. அண்ணியைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இளித்தான்.

"பாத்தீங்களா அண்ணி? எப்படி, வழவழன்னு?"

"இருபதடிக்கு ஒரு மேடு போட்டிருக்கே, நாயே."

அவன் இன்னும் சிரித்தான். மார்வா போனை நீட்டினாள். படத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த மீன் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இது யாரு எடுத்தது?"

"அத நீ சொல்லு. யாரு உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பல அண்ணி. டிப்போ மேஸ்திரி வெர்னன்தான்..." சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். அவனுக்கே அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. "அவர்தான் கூப்பிட்டாரு. 'உங்கப்பா வேன் சேத்துல மாட்டிக்கிச்சாமே, கேக்கவே சங்கடமா இருக்கு. ரெண்டு லோடு எடுத்துட்டுப் போ, நான் எதையும் பாக்கல'ன்னாரு. எலெக்‌ஷன் வேற, மனுஷத்தன்மை வேறன்னு சொன்னாரு அண்ணி. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. இத்தனை நாள் ஜட்ஜோட கையாளுன்னு இவரைத் தப்பா நெனைச்சுட்டோமேன்னு நெனைச்சேன்."

வேறு ஊர்க்காரன் என்றால் யோசித்திருப்பான். எங்கள் ஊரில் அப்படி இல்லை. இங்கே ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்தால் ஒருத்தர் சோறு அனுப்புவார், இன்னொருத்தர் ஜல்லி அனுப்புவார். ஜல்லி கொடுத்தவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. டெல்பர்ட்டும் படவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

"நீ எங்கிட்ட சொன்னதை நாலு பேர் முன்னாடி சொல்லுவியா?"

டெல்பர்ட் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "மேஸ்திரி இல்லன்னு சொல்லிருவாரு அண்ணி. எங்கிட்ட எழுத்து ஒண்ணும் கிடையாது. எனக்கு ரெண்டு குழந்தைங்க. என் பேரு மட்டும் வெளிய வர வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவன் வயசு முப்பத்தாறு. பார்க்க அப்படித் தெரியவில்லை.

"சரி," என்றாள் மார்வா. "உன் பேரு என் வாயிலிருந்து வராது."

"அப்ப நீங்க ஒதுங்கிக்கப் போறீங்களா?"

"யாரு, நானா? போயி மீன வெட்டுடா."

வீட்டுக்கு வந்தவள் நேராகக் கொட்டகைக்குப் போய் டிராக்டரைக் கிளப்பினாள். முன்பக்கம் அள்ளும் தொட்டி வைத்த பழைய டிராக்டர். ஹாலிஸின் விறகு டிரெய்லரை வண்டியில் மாட்டிப் பாதையோரம் நிறுத்தினாள். தொட்டியை இறக்கி முதல் தடவை சுரண்டியதும் ஜல்லி கரகரவென்று குவிந்தது.

ஹாலிஸ் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். "என்ன பண்றே?"

"எடுத்த எடத்துல கொண்டுபோய்க் கொட்டப் போறேன்."

"ரெண்டு மணிக்கு அப்பா திரும்ப வருவாரு, மார்வா!"

"தெரியும்."

"டயாலிசிஸ் முடிஞ்சு துணி மாதிரி துவண்டுபோய் வருவாரு. அந்தக் குழில மறுபடி மாட்டினா?"

"மாட்டினா நானே தோள்ல தூக்கிட்டு வர்றேன்! இத இங்க விட்டு வெச்சா செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தாளு என் கழுத்துல கால வெச்சுட்டு நிப்பான். புரியுதா உனக்கு?"

"எனக்குப் புரிய வேண்டாம். என் தம்பி பேரு உன் வாயில வந்துச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். அது மட்டும் உனக்குப் புரிஞ்சா போதும்."

"வராது."

"பேரைச் சொல்ல மாட்டே, ஒதுங்கவும் மாட்டே. அப்ப என்னதான் செய்வே?"

"தெரியல," என்றாள் மார்வா. உண்மையைத்தான் சொன்னாள். டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து மறுபடி சுரண்டினாள்.

ஹாலிஸ் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் வைக்கோல் கொட்டகைக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. மார்வா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை டிரெய்லரை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள். ஹாலிஸ் கொட்டகைத் தரையைப் பெயர்த்து, மூன்று அங்குலக் கனத்து ஓக் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து சேற்றுக்குழியின் மேல் குறுக்கே பரப்பிக்கொண்டிருந்தான். அவன் தாத்தா காலத்துத் தரை அது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆணி அடித்தான்.  அவளுக்கு அழுகை வந்தது, டிராக்டர் சத்தத்தில் கொஞ்சம் அழுதும் கொண்டாள்.

கவுண்டி லாரிகளும் ஜல்லியும் இருக்கும் ரோடு டிப்போ நான்கு மைல். சனிக்கிழமை என்பதால் கேட் பூட்டியிருந்தது. மார்வா கேட்டுக்கு நேர் குறுக்கே வண்டியைப் பின்னுக்கு எடுத்து டிரெய்லரைத் தூக்கினாள். ஜல்லி சரிந்து கேட்டின் மேல் சாய்ந்தது. அப்படியே ஐந்து தடவை போய் வந்தாள். நடுவில் பலகை மேல் வேன் தடதடவென்று ஏறி, ஆர்வல் கிழவர் பத்திரமாக வந்து இறங்கினார். "காலைல பளபளன்னு இருந்த ரோடு மத்தியானத்துக்குள்ள எங்கடா போச்சு?" என்று கேட்டார். 

நாலரை மணிக்கு டிப்போ கேட் முன்னால் ஆள் உயரத்துக்குக் குவியல் நின்றது. திங்கட்கிழமை காலை ஒரு லாரி உள்ளேயிருந்து வெளியே வர முடியாது. அந்த வழியே போன வண்டிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ஆறு மணி விருந்துக்கு முன்னால் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஊரில் நான் வைத்திருக்கும் கடைக்கே மூன்று பேர் வந்து சொன்னார்கள், நான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று சொல்லியும் கேட்காமல் சொன்னார்கள்.

விருந்துக்குக் கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். கெளுத்தி வறுவல், சோள உருண்டை, கோஸ் கலவை, ஐஸ் டீ. திறந்திருந்த பின்கதவுக்கு அருகே எண்ணெய்ச் சட்டிகளின் முன்னால் டெல்பர்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான். யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. மூன்றாவது மேசையில் மேஸ்திரி வெர்னனும் அவன் மனைவி நார்மாவும் தட்டு நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேட்பாளருக்கு இரண்டு நிமிஷம். நேரம் முடிந்தால் தீயணைப்புத் தலைவர் மணி அடிப்பார். பர்டம் முதலில் பேசினார். புதுப் பாலத்தைச் சொன்னார், கடவுளைச் சொன்னார், மீன் ருசியைச் சொன்னார். கடைசியில் மார்வாவைப் பார்த்து, "என் எதிர் வேட்பாளர் உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்னாங்க. கொஞ்சம் அன்போட கேளுங்க," என்று சொல்லி மைக்கை அவள் கையிலேயே கொடுத்தார்.

மார்வா குளித்துவிட்டு வந்திருந்தாள். நகத்தில் மட்டும் வெள்ளைத் தூசி போகவில்லை.

"ஜட்ஜ் சொன்னது சரி. சொல்லணும்," என்றாள். "இன்னிக்குக் காலைல என் வீட்டு வாசல்ல கவுண்டி ஜல்லி கிடந்துச்சு. ரெண்டு லோடு."

 சட்டியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் கேக்கல. ஆனா வீடு என் பேர்ல இருக்கு, அதனால பொறுப்பு என்னோடது. சுரண்டி எடுத்து டிப்போ வாசல்ல கொட்டிட்டேன். நீங்க பாத்திருப்பீங்க. ரெண்டு அங்குலம் சேத்தோட கலந்து போச்சு, அது வரல. அதுக்கு என் மேல கேஸ் போடணும்னா போடட்டும். வீடு எங்கன்னு ஷெரீஃபுக்குத் தெரியும்."

யாரோ பின்னால் இருமினார்கள்.

"இங்க பாதிப் பேர் வீட்டுல அதே ஜல்லி இருக்கு. நான்தான் பரப்பினேன், எனக்குத் தெரியாதா? அத நான் சொல்றேன்னு உங்களுக்குக் கோவம் வந்தா வரட்டும். என் மாமனாருக்கு டயாலிசிஸ். அவருக்கு நல்ல ரோடு வேணும். அதோ உக்காந்திருக்கற லோரெட்டா வீட்டுலயும் நோயாளி இருக்காங்க, அவங்களுக்கும் வேணும். ஆனா லோரெட்டாவுக்கு யாரும் ஜல்லி கொண்டு போகல, ஏன்னா அவங்க வீட்டு வாசல்ல என் தேர்தல் போர்டு நட்டிருக்கு. நான் ஜெயிச்சா நோயாளி இருக்கற வீட்டுக்கெல்லாம் சட்டப்படி என்ன வழி உண்டோ அதக் கேட்டு வாங்குவேன், எல்லாருக்கும் சேத்து. ஒருத்தன் காலைப் பிடிச்சு வாங்கற ஜல்லி எனக்கு வேண்டாம்."

தீயணைப்புத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மார்வா போனை எடுத்து உயரத் தூக்கினாள். திரையைக் கூட்டத்துக்குக் காட்டாமல் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

"காலைல ஜட்ஜ் எனக்கு ஒரு படம் அனுப்பினாரு. லாரி என் வாசல்ல கொட்டிக்கிட்டு இருக்கற படம். ஓட்டினவன் முகமும் இருக்கு. நான் ஒதுங்கலன்னா இத ஷெரீஃப் கிட்ட குடுப்பேன்னாரு. குடுக்கட்டும். நான் ஒதுங்கப் போறதில்ல. இந்த ஜென்மத்துல இல்ல!"

ஹாலிஸ் சுவரோரம் நின்றிருந்தான். கையைக் கட்டியிருந்தவன் அவிழ்த்தான்.

"ஆனா ஒண்ணு ஜட்ஜ். நேத்து மத்தியானம் நான் இருபது மைல் தள்ளி இருந்தேன். என் வாசல்ல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாது. உங்க ஆளு மட்டும் எப்படிக் கரெக்டா கேட்டுக்கு வெளிய கேமராவோட நின்னான்?"

"அது ரோந்து போனப்ப..." என்று பர்டம் ஆரம்பித்தார்.

"ரோந்து போனவன் கவுண்டி ஜல்லி திருடு போறதைப் பாத்தா என்ன செய்யணும்? ஏய் நிறுத்துன்னு கத்தணும். உங்க ஆளு கத்தல. ரெண்டாவது லோடும் வந்து விழற வரைக்கும் பொறுமையா நின்னிருக்கான். ஏன் ஜட்ஜ்?"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் ஒரு மேசை முழுக்கச் சிரித்தது. கவுண்டி ஜல்லி வாங்கியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். பர்டமின் கழுத்து சிவந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் கூட்டத்தில் நிதானம் இழந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன். மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சிரிங்க! ஓட்டினது யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். திங்கட்கிழமை காலைல ஷெரீஃப் அவன் வீட்டுக் கதவைத் தட்டும்போது மார்வா வந்து காப்பாத்தறாளான்னு பாப்போம்!"

சொல்லும்போது அவர் கண் பின்கதவுப் பக்கம் போய்விட்டது. கூட்டம் மொத்தமும் அவர் கண் போன இடத்தைப் பார்த்தது.  மார்வா டெல்பர்ட்டின் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அவள் மூட்டிவிட்ட கோபம்தானே பர்டமை அவனைக் காட்டிக்கொடுக்க வைத்தது? ஹாலிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்பர்ட் அடுப்பை அணைத்தான். கரண்டியைத் தட்டில் வைத்தான். எண்ணெய்க் கையோடு மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தான்.

"டெல்பர்ட், வேண்டாம்," என்றாள் மார்வா, மைக்கைக் கீழே தாழ்த்தி. "நான் பாத்துக்கறேன். நீ போ."

"நீங்க சும்மா இருங்க அண்ணி." அவன் மைக்கை வாங்கவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "திங்கட்கிழமை எதுக்கு ஜட்ஜ்? ஷெரீஃப் அதோ ரெண்டாவது மேசைல மீன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, இப்பவே வரட்டும். ஜல்லி கொட்டினது நான்தான். அப்பா சேத்துல மாட்டிக்கிட்டாரேன்னு கொட்டினேன். தப்புத்தான். என் வேலைய எடுத்துக்குங்க. ஆனா எடுத்துட்டுப் போன்னு என் தோள்ல கை வெச்சுச் சொன்னவரும் இந்தக் கொட்டகைலதான் உக்காந்திருக்காரு. பேரை நான் சொல்லட்டுமா, அவரே எந்திரிக்கறாரா?"

 தீயணைப்புத் தலைவர் மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார், அடிக்கத் தோன்றவில்லை. மூன்றாவது மேசையில் மேஸ்திரி வெர்னன் தட்டில் இருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப எடுத்தான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த நார்மா தன் புருஷனின் கையைப் பார்த்தாள். அப்புறம் டெல்பர்ட்டைப் பார்த்தாள். தட்டை முன்னால் தள்ளி வைத்தாள்.

"எந்திரி, வெர்னன்," என்றாள்.